நகையைத் திருப்பிப் பாருங்கள்
கல் நகை: வாசகர் கேள்வி-பதில்

தினமும் போடும் ஏழு கல் வைரத்தோடு ஆறு மாதத்திலேயே மங்கிவிடுகிறது. வைரம் மங்குமா? வீட்டில் கழுவலாமா?
– வாசகி, கும்பகோணம்

வைரம் மங்காது. அதன்மேல் எண்ணெய் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய்ப்பசை சட்டென்று ஒட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் குணத்தை வைத்தே வைரத்தைப் பிரித்தெடுத்தார்கள். கிரீஸ் தடவிய மேசைமேல் நொறுக்கிய பாறைத்துகளைத் தண்ணீரோடு ஓடவிட்டால் மற்றதெல்லாம் வழிந்துபோகும். வைரம் மட்டும் ஒட்டி நிற்கும். உங்கள் தோட்டில் தேங்காயெண்ணெயும் முகப் பவுடரும் சேர்வதும் இதே கதைதான்.

அழுக்கு சேருவது பெரும்பாலும் பின்பக்கம். மேலே விழுந்த வெளிச்சம் கல்லின் அடிப்பாகத்தில் பட்டுத் திரும்பி வந்தால்தான் ஜொலிப்பு. அடியில் எண்ணெய்ப்படலம் இருந்தால் வெளிச்சம் அந்த வழியாகவே வெளியே போய்விடும். முன்பக்கத்தை எத்தனை முறை துடைத்தாலும் ஒன்றும் ஆகாது.

அதனால் முதலில் தோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் துளை விட்டு, கல்லின் அடி கண்ணுக்குத் தெரிந்தால் அது திறந்த கட்டு, தாராளமாகக் கழுவலாம். தகடு வைத்து மூடியிருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. காரணம் அடுத்த பதிலில்.

திறந்த கட்டுக்கு: கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் மூன்று சொட்டு. சோப்புக்கட்டி வேண்டாம், போர்வெல் உப்புத் தண்ணீரில் அது திரிந்து, வெள்ளைப் படலமாகக் கல்லிலேயே படியும். தோட்டைக் காதருகே வைத்து விரலால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். கிலுகிலுவென்று சத்தம் வந்தால் கல் ஆடுகிறது. கழுவாமல் பத்தரிடம் கொடுங்கள். பல நேரம் ஆடும் கல்லைப் பிடித்து வைத்திருப்பதே அந்த அழுக்குதான். சத்தம் இல்லையென்றால் 20 நிமிடம் ஊறவிட்டு, குழந்தைகளின் மெத்தென்ற பல் பிரஷ்ஷால் பின்பக்கத் துளை வழியாகக் குத்திக் குத்தித் தேயுங்கள். சுரையையும் திருகையும் தனியாகக் கழுவுங்கள். திருகு மரையில் சேரும் கறுப்புப் பசை காதுத் துளைக்கும் நல்லதல்ல. பிறகு இன்னொரு கிண்ணத்துத் தண்ணீரில் அலசுங்கள். குழாயடியில் வேண்டாம். கழுவிய தண்ணீரையும் டீ வடிகட்டியில் ஊற்றிப் பார்த்த பிறகே கொட்டுங்கள். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் என்றால் உப்புப்புள்ளி விழாது. பழைய வேட்டித் துணியில் ஒற்றி, கல் கீழ்நோக்கி இருக்கும்படி இரண்டு மணி நேரம் உலரவிடுங்கள்.

பூந்திக்கொட்டையும் தோதானதுதான். கொட்டை நீக்கிய ஐந்து தோலை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். வடிகட்டாவிட்டால் தோல்துணுக்கு கல்லின் இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும்.

மகளின் பரதநாட்டிய செட்டில் வியர்வை நாற்றம். தண்ணீரில் கழுவியதும் நெற்றிச்சுட்டியில் நாலைந்து கெம்புக் கல் கறுத்துவிட்டது. எப்படிச் சரி செய்வது?
– வாசகி, மயிலாப்பூர்

வீட்டில் சரி செய்ய முடியாது. கறுத்தது கல் அல்ல, கல்லுக்கு அடியில் இருக்கும் பளபளப்புத் தாள். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளைப் போன்ற கட்டில் பின்பக்கம் மூடியிருக்கும். உள்ளே அரக்கு, அதன்மேல் தாள், அதன்மேல் கல். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வேலையை இங்கே அந்தத் தாள்தான் செய்கிறது. விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே வர வழியில்லை. உள்ளேயே நின்று தாளைக் கறுக்க வைக்கும். சோப்புத் தண்ணீர் என்றால் இன்னும் வேகமாக நுழையும். பழைய மூடிய கட்டு வைரத்தோடுகளும் பேசரிகளும் தண்ணீர் இறங்கி இருண்டுபோவது இப்படித்தான்.

இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்தால் கல்லைப் பெயர்த்து, புதுத் தாள் வைத்து, மறுபடி பதித்துத் தருவார். வெயிலில் காயவைத்தோ ஹேர் டிரையரில் சூடு காட்டியோ ஈரத்தை விரட்டப் பார்க்காதீர்கள். அரக்கு இளகினால் கறுக்காத கல்லும் சேர்ந்து நகரும்.

இனிமேல் நிகழ்ச்சி முடிந்து கழற்றிய உடனே, வியர்வை காய்வதற்குள், உலர்ந்த பருத்தித் துணியால் பின்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். பிசுக்கு போகாவிட்டால் துணி நுனியை நனைத்து, இறுகப் பிழிந்து, உலோகத்தை மட்டும் துடைக்கலாம். கல்லின் ஓரத்துக்குப் போக வேண்டாம். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். நாற்றம் பெரும்பாலும் கோத்திருக்கும் நூலிலும் அடியில் தைத்த துணியிலும்தான் இருக்கிறது. அவற்றை மாற்றிவிட்டாலே போய்விடும்.

மரகத மோதிரத்தைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரிகின்றன. உடைந்துவிட்டதா?
– வாசகர், காரைக்குடி

அநேகமாக அந்தக் கோடுகள் முன்பே இருந்தவைதான். இயற்கை மரகதத்தில் மெல்லிய வெடிப்புகள் சகஜம். அவை கண்ணுக்குத் தெரியாமலிருக்க, பட்டை தீட்டிய பின் எண்ணெயோ பிசினோ ஏற்றுவது உலகமெங்கும் உள்ள வழக்கம். செடார் எண்ணெய் இதற்குப் பேர்போனது. கொதிநீரில் எண்ணெய் வெளியேறி, வெடிப்புக்குள் காற்று புகுந்திருக்கும். மரகத வியாபாரிகள் மறுபடி எண்ணெய் ஏற்றித் தருவார்கள். பெரும்பாலும் பழைய நிறம் திரும்பும். ஆனால் திடீர்ச் சூட்டில் வெடிப்பு நீண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்து, கோடு கல்லின் மேல்பரப்பு வரை ஓடினால், வியாபாரியிடம் காட்டும் வரை விரலில் போடாதீர்கள். மரகதத்துக்கு நனைத்துப் பிழிந்த துணியே போதும். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் எண்ணெயைக் கரைக்கும்.

நவரத்தின மோதிரத்தை எப்படிக் கழுவுவது?
– வாசகர், திருநெல்வேலி

ஒன்பது கல்லில் எது மெலிந்ததோ அதற்கு ஏற்றபடி. கல் எவ்வளவு கீறல் தாங்கும் என்பதை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9. முத்தும் பவளமும் 3, 4 என்ற அளவில்தான் நிற்கின்றன. இவை இரண்டும் சுண்ணாம்புச் சத்து. எலுமிச்சை, புளி, வினிகர் எது பட்டாலும் மேல்பரப்பு அரிக்கும். மாணிக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மலிவு விலைக் கற்கள் பலவற்றில் வெடிப்புகளை ஈயக் கண்ணாடியால் நிரப்பியிருப்பார்கள். எலுமிச்சைச் சாறே அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். கல்லெங்கும் வெள்ளை நரம்பு ஓடியது போலாகும்.

ஊறவைக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். முதலில் தூசியை ஊதியோ மெல்லிய தூரிகையாலோ அகற்றிவிட வேண்டும். தூசியில் இருக்கும் மணல்துகளின் கடினத்தன்மை 7. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அதுவே முத்தின்மேல் உப்புத்தாள் போட்டது போலாகிவிடும்.

முத்துமாலை மஞ்சளாகிறது.
– வாசகி, தூத்துக்குடி

ஏறியது வியர்வை, செண்ட், பவுடர் என்றால் ஈரத்துணியில் ஒவ்வொரு முத்தாக உருட்டித் துடைத்தால் ஓரளவு வெளுக்கும். வயதாகி மஞ்சளித்த முத்து வெளுக்காது. வெளுக்க வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். மாலையை முக்கி எடுக்கக் கூடாது. பட்டு நூல் ஈரத்தில் நீளும், முடிச்சுக்குள் அழுக்கு இறங்கும். துடைத்த பின் தொங்கவிடாமல் துணியில் படுக்கையாகப் போட்டு உலர்த்துங்கள். முத்துகளுக்கு நடுவே நூல் தெரிய ஆரம்பித்தால் மறுபடி கோக்கும் காலம் வந்துவிட்டது. செண்ட் அடித்த பிறகு, எல்லாம் முடிந்து கடைசியாக முத்தை அணியுங்கள்.

பற்பசை போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, சேலம்

வைரத்துக்கு ஒன்றும் ஆகாது. அதைச் சுற்றியிருக்கும் 22 காரட் தங்கம் மென்மையானது. பற்பசையில் உள்ள தேய்ப்புத்தூளில் அது கீறிப் பளபளப்பு இழக்கும். பல்பொடி அதைவிட மோசம்.

ஆன்லைனில் விற்கும் அல்ட்ராசோனிக் மெஷின் வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

தண்ணீரில் ஒலி அதிர்வை எழுப்பி அழுக்கை உதிர்க்கும் மெஷின் அது. வீட்டுக்குத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. திறந்த கட்டில் பதித்த, வெடிப்பில்லாத வைரத்துக்கும், எதுவும் நிரப்பப்படாத மாணிக்கம், நீலத்துக்கும் அது சரி. மரகதம், முத்து, பவளம், ஓபல், டர்க்காய்ஸ், மூடிய கட்டு எதையும் அதில் போடக் கூடாது. உங்கள் மாணிக்கத்தில் கண்ணாடி நிரப்பியிருக்கிறதா என்பதைச் சோதனைக்கூடச் சான்றிதழ் இல்லாமல் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? பொடி வைரம் நெருக்கிப் பதித்த நகையில் அந்த அதிர்வே தளர்ந்த கல்லைக் கழற்றிவிடும்.

கழிவறை கழுவும்போது மோதிரத்தைக் கழற்ற வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

கட்டாயம். பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின், தங்கத்தில் கலந்திருக்கும் செம்பையும் வெள்ளியையும் நிக்கலையும் தாக்கும். 22 காரட்டை விட 14, 18 காரட் வைர மோதிரங்களுக்கும் வெள்ளைத் தங்கத்துக்கும் ஆபத்து அதிகம். கல்லைப் பிடிக்கும் மெல்லிய கொக்கியில் மயிரிழை வெடிப்பு விழும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் கொக்கி ஒடிந்து கல் உதிர்ந்த பிறகுதான் தெரியும். நீச்சல் குளத்துக்கும் இதே பதில்தான்.