வாத்தும் கோழியும் ஒரே கூண்டிலா?

கேள்வி: வீட்டுக் கொல்லையில் ஆறு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். கூண்டு நாலடிக்கு ஆறடி. மகன் நான்கு வாத்துக்குஞ்சுகளை வாங்கி வந்துவிட்டான். கோழிகளோடு அடைக்கலாமா? தீவனம் ஒன்றே போதுமா? - ஒரு வாசகி, மேடவாக்கம்.

பதில்: பகலில் சேர்ந்து மேயட்டும், ராத்திரி தனித்தனியாக அடையட்டும். அம்பத்தூரில் என் வீட்டில் இதுதான் சட்டம். அதுவும் குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான். இப்போதே விட்டால் பெரிய கோழிகள் கொத்தியே ஒரு வழி பண்ணிவிடும்.

வளர்ந்தபின் சண்டை பெரிதாக வராது. தகராறெல்லாம் தண்ணீரில்தான். வாத்து ஒரு வாய் தீவனத்தை அள்ளும், ஓடிப்போய்த் தண்ணீரில் அலகை விட்டுச் சலசலக்கும், தலையை ஒரு உதறு உதறும். சுவர், தரையில் பரப்பிய உமி, பக்கத்தில் நிற்கிற கோழியின் முதுகு எல்லாம் நனைந்துவிடும். எச்சமும் நீர்த்துத்தான் இருக்கும். வாத்துக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. கோழிக்கோ தரை ஈரமானால் ரத்தக்கழிச்சல், காலில் புண், அம்மோனியா நெடியில் கண் எரிச்சல் என்று வரிசை கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் நனைந்த உமி எங்கே காயப்போகிறது?

அதனால் வாத்துக்கான தண்ணீரைக் கூண்டுக்கு வெளியே, குழாயடியில் ஒரு பேசினில் வையுங்கள். குளம் வெட்ட வேண்டாம். கண்ணும் மூக்குத் துளையும் முங்குகிற ஆழம் இருந்தால் போதும். தினமும் கவிழ்த்து வாழைக்கு ஊற்றிவிடுங்கள், இல்லையென்றால் கொசுப்பண்ணைதான். வளர்ந்த வாத்துக்கு ராத்திரியில் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

கோழி உயரத்தில் ஏறி அடையும், வாத்து தரையில் படுக்கும். ஒரே கூண்டென்றால் மேலே இருப்பவரின் எச்சம் கீழே இருப்பவரின் முதுகில்! உங்கள் கூண்டு பத்து உருப்படிக்குப் பற்றாது, பக்கத்திலேயே வாத்துக்கு ஒரு தாழ்வான அறை கட்டுங்கள். வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை அடியுங்கள். கோழிவலை என்று விற்கிறார்களே, அந்த மெல்லிய கம்பி, கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். தெருநாய் பிய்த்துவிடும். பெருச்சாளி அடியில் குடையாமலிருக்கத் தரைக்குச் சிமெண்ட் பூசுவது நல்லது.

தீவனத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. கோழிக்குஞ்சுத் தீவனம் பரவாயில்லை, ஆனால் வாத்துக்குஞ்சுக்கு நயாசின் என்கிற பி3 சத்து கூடுதலாக வேண்டும். போதாவிட்டால் கால் வளைந்து, நடக்காமல் உட்கார்ந்துவிடும். தீவனத்தில் ஈஸ்ட் தூள் கலந்து கொடுப்பார்கள். அளவை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள், கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பற்றியும் அப்படியே கேட்டுவிடலாம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, மக்காச்சோளம் வாத்துக்கு விஷம். கோழி தாங்கினாலும் இது தாங்காது. மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள்.

நான்கில் எத்தனை ஆண் என்று வளர்ந்ததும் பாருங்கள். உரக்கக் கத்துவது பெட்டை, கரகரத்த குரலும் வாலில் சுருண்ட இறகும் இருந்தால் ஆண். ஆண் அதிகமானால் கோழிகளைத் துரத்தி ஏறும். சேவலுக்கு இல்லாத உறுப்பு அதற்கு உண்டு, கோழிக்கு உள்ளே காயம்பட்டுவிடும். கூடுதல் ஆணை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மேடவாக்கம் என்பதால் இன்னொன்று. வாத்துகளைப் பள்ளிக்கரணை சதுப்புநிலத் தண்ணீரில் நீந்த விடாதீர்கள். காட்டு நீர்ப்பறவைகளிடமிருந்து பறவைக்காய்ச்சல் தொற்றினால் வாத்து சில சமயம் நோயே காட்டாமல் திரியும், கோழிகள்தான் மடியும்.

முட்டைக்கு வந்தபின் வாத்துகளைக் காலை எட்டு, எட்டரைக்கு முன் திறக்காதீர்கள். பெரும்பாலும் விடியற்காலையில்தான் இடும். சீக்கிரம் திறந்துவிட்டால் கொல்லை முழுக்க நீங்கள்தான் முட்டை தேட வேண்டும்.