கிளேசியர் பேயில் அம்மா – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சியாட்டிலில் வேலை பார்க்கிறேன். வரும் கோடையில் அம்மா என்னுடன் தங்க வருகிறார். முழங்கால் வலியால் அவரால் அதிகம் நடக்க முடியாது. அவரைக் கப்பலில் அலாஸ்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். மனிதக் கால் படாத தூய இயற்கையை அவர் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் மலையேறும் நண்பர்கள் இதை மிதக்கும் ஓட்டல் என்றும் சோம்பேறிகளின் சுற்றுலா என்றும் கேலி செய்கிறார்கள். கப்பலின் புகையையும் கழிவையும் சுட்டிக்காட்டுகிறார்கள். நீங்கள் அவ்வழியே சென்றவர் என்பதால் கேட்கிறேன். எந்த மாதம் நல்லது? பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

க., சியாட்டில்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது, அலாஸ்காவில் பனியாறுகள் கடலில் இறங்கும் விரிகுடாவான கிளேசியர் பேயின் பழைய வரைபடம் ஒன்றை மேசைமேல் விரித்துவைத்திருந்தேன். இல்லாவிட்டால் பால்கனி பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

முதலில் உங்கள் நண்பர்கள். முழங்கால் வலிக்கும் ஒருவரிடம் மலையேறித்தான் காட்டைப் பார்க்க வேண்டும் என்பது வெறும் அகந்தை. அந்த மாநிலத்தின் தலைநகரான ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானத்திலோ படகிலோதான் போக வேண்டும். மலையேறிகள் கொண்டாடும் இயற்கையியலாளர் ஜான் மியூர் 1879இல் கிளேசியர் பேக்குள் நுழைந்ததும், அப்பகுதியின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் துடுப்புப் போட்ட படகில் உட்கார்ந்துகொண்டுதான். கப்பலின் புகையைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் மலையேறுவதற்காகக் கண்டம்விட்டுக் கண்டம் பறப்பவர்கள் அதைச் சொன்னால் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அம்மாவுக்குக் கிடைக்கப்போகும் காட்சி, ஒரு மலைச்சரிவில் புதரை விலக்கி ஏறுபவருக்குக் கிடைக்காதது. 1794இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் அந்த இடத்தைக் கடந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஐந்து மைல் உள்வளைவும் அதற்குப் பின்னால் பனிச்சுவரும்தான் இருந்தன. மியூர் வருவதற்குள் பனி நாற்பது மைலுக்குமேல் பின்வாங்கிவிட்டது. இன்று விரிகுடாவின் தலைமாட்டை அடைய ஏறக்குறைய அறுபத்தைந்து மைல் உள்ளே போக வேண்டும். ஆகவே கப்பல் உள்ளே செல்லச் செல்ல, பனி விலகி வெகுகாலமான வாயிலில் அடர்ந்து நிற்கும் ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்கள் குறைந்து, ஆல்டர் புதர்களாகி, பிறகு பாசியும் தரையோடு படர்ந்த செடிகளுமாகி, கடைசியில் அண்மையில்தான் பனியிலிருந்து வெளிப்பட்ட மொட்டைப் பாறையாகிவிடுகின்றன. ஒரு காடு எப்படி உருவாகிறது என்பதைப் பின்னோக்கிப் பார்க்கிறோம். வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் 1916இல் அங்கே சிறு சிறு சதுரங்களைக் குறித்துவைத்து, எந்தச் செடிக்குப் பின் எந்தச் செடி வருகிறது என்று பார்க்கத் தொடங்கினார். அந்த வேலை இன்றுவரை தொடர்கிறது.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். ‘மனிதக் கால் படாத’ என்ற தொடரை எந்த விளம்பரத் தாளிலிருந்து எடுத்தீர்கள்? கிளேசியர் பே ஹூனா டிலிங்கிட் மக்களின் ஊர். பனி முன்னேறி வருவதற்கு முன் அங்கே அவர்களுக்கு வீடுகளும் சால்மன் ஓடைகளும் இருந்தன. நம் ஊர்களில் குச்சு கட்டி உட்காரவைப்பார்களே, அதுபோல வயதுக்கு வந்து தனியே வைக்கப்பட்டிருந்த ஒரு பெண், காய்ந்த மீனைக் காட்டி நாயைக் கூப்பிடுவதுபோல் பனியாற்றைக் கூப்பிட்டாள். அது வந்துவிட்டது என்று அவர்களுள் ஒரு குலத்தார் சொல்கிறார்கள். ஊரார் படகுகளில் வெளியேறியபோது ஒருத்தி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டாள். சிலர் அந்தப் பெண் என்கிறார்கள், சிலர் அவள் பாட்டி என்கிறார்கள். இந்தக் கதை அக்குலத்தின் உடைமை என்பதால் இதற்குமேல் நான் விரித்துச் சொல்லப்போவதில்லை.

பனி விலகியதும் அவர்கள் திரும்பி வந்தார்கள், சீல் வேட்டையாடினார்கள், கடற்பறவைகளின் முட்டை எடுத்தார்கள். 1925இல் அமெரிக்க அரசு அந்த இடத்தைத் தேசியச் சின்னமாக்கியது, 1980இல் தேசியப் பூங்காவாக்கியது. இடையில், இயற்கையைக் காப்பதற்காக, முட்டை எடுப்பதும் வேட்டையும் குற்றமாகிவிட்டன. முட்டை எடுக்கும் உரிமையைத் திருப்பித் தர 2014இல் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. விரிகுடாவின் வாயிலருகே பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில் அவர்களுடைய குலவீடு 2016இல்தான் திறக்கப்பட்டது. முதலில் மனிதர்களை வெளியே நிறுத்திவிட்டு, பிறகு கால் படாத இடம் என்று அதை விற்கிறார்கள். அறுபது அடி உயரத் தளத்தில் நின்றுகொண்டு நாமும் அதை வாங்குகிறோம்.

நான் சென்ற கப்பலில் பூங்காவின் ரேஞ்சர் ஒருவர் சிறு படகில் வந்து ஏறி, ஒலிபெருக்கியில் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. பனிச்சுவரில் ஒரு துண்டு இடி இடித்ததுபோல் கடலில் விழுந்தது, எல்லோரும் கூச்சலிட்டார்கள், ரேஞ்சரின் அடுத்த சில வாக்கியங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அவர் திரும்பச் சொல்லவும் இல்லை. எனக்கு அப்போது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அதில் கொஞ்சம் உங்கள்மேல் விழுந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் வலி அறிந்து, அதற்கு ஏற்றதை அவருக்குத் தேடும் பிள்ளையைக் கடிந்துகொள்வது எனக்கும் உவப்பாக இல்லை.

மே, ஜூனில் அங்கே மழை குறைவு. பால்கனி வேண்டாம், ஒரு பக்கம்தான் தெரியும். கிளேசியர் பேக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி என்பதால், நீங்கள் பதிவு செய்யும் கப்பல் அங்கே போகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று காலையில் மேல்தளத்தில் நாற்காலி பிடித்து, அம்மாவுக்குக் கம்பளி போர்த்தி, ரேஞ்சர் சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள். அவர் கண்டிப்பாக ஏதாவது கேட்பார். அதை ரேஞ்சரிடம் போய்க் கேட்டுவிட்டு, எனக்கும் எழுதுங்கள்.