பெயின்ட்டைக் கடைசியாகப் பாருங்கள்: பழைய ஜீப் வாங்குவது பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் மேல் தோட்டத்துக்கு ஏற ஃபோர் வீல் டிரைவ் வண்டி இல்லாமல் முடியவில்லை. 1994ஆம் வருட மஹிந்திரா எம்எம்540 ஒன்று சேலத்தில் விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் புதிது, டயர் புதிது. நாலேகால் லட்சம் சொல்கிறார்கள். கார் ஓட்டுவேன், ஜீப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: விற்பவர் உங்கள் கண் எங்கே நிற்கவேண்டும் என்று நினைத்தாரோ, அங்கேயே நின்றிருக்கிறது. பெயின்ட், டயர் இரண்டையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஜீப்பில் எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி எது கெட்டாலும் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். காசு கொடுத்தும் தீராத தலைவலி இரண்டுதான்: ஆர்சி புக், சேசிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்). முதலில் அவற்றைப் பாருங்கள்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1994 வண்டி என்றால் 2009, 2014, 2019, 2024 என்று நான்கு முறை புதுப்பித்திருக்க வேண்டும். எங்காவது விட்டுப்போயிருந்தால் அபராதமும் அலைச்சலும் உங்கள் தலையில் விழும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவு எதுவரை செல்லும், கடன் ஏதாவது நிலுவையில் காட்டுகிறதா, எரிபொருள் என்ன என்று பாருங்கள். பெட்ரோல் என்று பதிவாகி உள்ளே டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ஜீப்புகள் ஏராளம். 540-இல் ஆரம்பத்தில் வந்தது பெஜோ நிறுவனத்தின் 2112 சிசி டீசல். ஆர்சியில் இருக்கும் சிசியும் பானட்டுக்குள் இருக்கும் எஞ்சினும் ஒத்துப்போகவில்லையென்றால், மாற்றியதற்கு ஆர்டிஓ அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இப்படி அனுமதியில்லாமல் மாற்றுவதைத் தடுக்கத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்த விஷயத்தில் கறாராகச் சொல்லிவிட்டது.

அடுத்து சேசிஸ் நம்பர். ரிவெட் அடித்த தகட்டில் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், தகட்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். சேசிஸ் இரும்பிலேயே குத்தியிருக்கும் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, வெள்ளைத்தாளை வைத்து, ஆர்டிஓ ஆபீஸில் எடுப்பதுபோல் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுங்கள். எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடம் தெரிந்தாலோ பேரம் பேசவே வேண்டாம்.

சரி, இப்போது வண்டிக்கு அடியில் போங்கள். பழைய வேட்டி ஒன்றை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள், கையில் டார்ச்சும் தடித்த ஸ்க்ரூடிரைவரும் போதும். ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டியிருக்கும் இடங்கள், பாடி போல்ட் இறங்கும் இடங்கள், பின்பக்கக் குறுக்குச்சட்டம் ஆகியவற்றில்தான் சேறு தங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று கேட்கும், உள்ளே அரித்தது ‘தொப்’ என்று கேட்கும். பதினைந்து வருடத்துக்கு முன் வால்பாறைப் பக்கம் எஸ்டேட் ஜீப் ஒன்றை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பளபளவென்று கருப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தார்கள். பின் ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) பக்கத்தில் ‘தொப்’ என்று கேட்கவே, முனையைத் திருப்பி அழுத்தினேன். ஸ்க்ரூடிரைவர் பிடிவரை உள்ளே போய்விட்டது. கூடவே செம்மண் நிறத்தில் ஒரு பிடி துருத்தூள் என் முகத்தில். விற்பவர் அப்போதும், ‘ஒரு பேட்ச் வெல்டிங் அடித்தால் சரியாகிவிடும் சார்’ என்றார். புதிதாகக் கருப்பு அடித்த அடிப்பாகத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

டேப் வைத்து முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சேசிஸ் முறுக்கியிருக்கலாம். நீள வண்டியின் சேசிஸை வெட்டிக் குட்டையாக்கி 540 என்று விற்பவர்களும் உண்டு. சேசிஸின் நடுவே வெல்டிங் தையல் தெரிகிறதா பாருங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். நீங்கள் போய்ச் சேரும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் தெரியும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். பெஜோ எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் உண்டு. சில நொடி ஹீட் போட்டால் கிளம்பிவிட வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். லேசாக ஆவி வந்தால் வயது என்று விட்டுவிடலாம். ரயில் எஞ்சின் மாதிரி புகை குபுகுபுவென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தாலும் இதே சந்தேகம்தான். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

ஆயில் கசிவைப் பார்த்து மிரள வேண்டாம். பழைய ஜீப் சொட்டாமல் இருந்தால்தான் உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் முன் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும் உருண்டை வடிவ நக்கிளைத் துடைத்துப் பாருங்கள். அது குழிகுழியாக அரித்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் கிரீஸ் வழிந்துகொண்டே இருக்கும். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ‘லொடக்’ என்றால் கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) அல்லது வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது ஸ்டீயரிங் உங்கள் கையை மீறி ஆடும்.

உங்களுக்கு முக்கியமானது ஃபோர் வீல். இதைத் தார் ரோட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். இந்த ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது, காய்ந்த ரோட்டில் திருப்பினால் கியர் பற்கள் முறுக்கிக்கொள்ளும். உழுத வயலிலோ மணலிலோ நிறுத்தி, முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) லாக் இருந்தால் அதைப் போட்டு, ஃபோர் வீல் லிவரைத் தள்ளி மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நின்று பாருங்கள், முன் சக்கரமும் மண்ணைப் பறிக்க வேண்டும். டீசல் மிச்சம் என்று, முன் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டைக் கழற்றி வீட்டில் வைத்தவர்கள் பலர், சிலருக்கு எங்கே வைத்தோம் என்பதே மறந்திருக்கும். அப்புறம் லோ கியரில் ஒரு இறக்கத்தில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கியரோ லிவரோ தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் பெரிய செலவு. ஏற்காட்டு மலைக்கு அது செலவோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து.

நாலேகால் என்பது அதிகமா குறைவா என்று வண்டியைப் பார்க்காமல் சொல்லமாட்டேன். சொல்லும் விலையில் கால் பங்கையாவது முதல் வருட வேலைக்கு என்று ஒதுக்க முடியாவிட்டால் இந்த ஆசையே வேண்டாம்.

கேள்வி: கோவையில் ஒருவர் ‘இரண்டாம் உலகப்போர் காலத்து அசல் வில்லிஸ்’ என்று ஒரு ஜீப்பைக் காட்டுகிறார். பச்சை பெயின்ட், வெள்ளை நட்சத்திரம் எல்லாம் இருக்கிறது. எப்படி நம்புவது?

பதில்: நட்சத்திரம் ஒட்ட அரைமணி நேரம் போதும். முகத்தில் இருக்கும் கிரில்லின் துளைகளை எண்ணுங்கள். போர்க்காலத்து வில்லிஸ் எம்பி-க்கும் ஃபோர்டு தயாரித்த ஜிபிடபிள்யூ-வுக்கும் தகட்டில் அழுத்திய கிரில்லில் ஒன்பது துளைகள் (ஆரம்பகால வில்லிஸில் மட்டும் இரும்புப் பட்டைக் கிரில்). ஏழு இருந்தால் அது போருக்குப் பின் வந்த ஜீப். போர் வண்டிக்குப் பின்னால் திறக்கும் கதவு கிடையாது, முன் கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும், முன் விளக்கைத் திருகாணி தளர்த்திப் பின்பக்கமாக மடக்கி எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டலாம். ஃபோர்டு என்றால் போல்ட் தலைகளில்கூடச் சின்னதாக ‘எஃப்’ எழுத்து இருக்கும். முன்பக்கக் குறுக்குச்சட்டம் உருளைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த ‘யு’ வடிவமாக இருந்தால் ஃபோர்டு.

நம் ஊரில் ‘வில்லிஸ்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை மஹிந்திரா இங்கேயே பல வருடம் தயாரித்த சிஜே3பி. உயரமான எஞ்சினுக்காகத் தூக்கி வைத்த பானட்டே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். போர் வண்டி, சிஜே3பி இரண்டுக்கும் வீல்பேஸ் (முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை உள்ள நீளம்) 80 அங்குலம்தான், அதனால் டேப் இங்கே உதவாது. சிஜே3பி ஒன்றும் குறைந்த வண்டி இல்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் போர் வண்டியின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

அசலாகவே 50 வயது தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டி என்றால் 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். எண்ணில் ‘விஏ’ எழுத்துகள் வரும், பதிவு பத்து வருடம் செல்லும். தினப்படி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான்.

கேள்வி: டெல்லியில் டீசல் ஜீப் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். வாங்கி மதுரைக்குக் கொண்டுவரலாமா?

பதில்: அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை வந்ததால்தான் அந்த விலை. அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று (என்ஓசி), அதாவது படிவம் 28 கையில் இல்லாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இங்கே மறுபதிவு, வரி, பசுமை வரி, லாரி வாடகை எல்லாவற்றையும் கூட்டினால் ‘பாதி விலை’ எங்கே போனது என்று தேடுவீர்கள். வடக்கே டப்வாலி மாதிரி, உதிரிபாகங்களிலிருந்து ஜீப் கட்டுவதற்கே பேர்போன ஊர்கள் இருக்கின்றன. வேலை அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிக் கட்டிய வண்டிக்கு ஆர்சி எந்த வண்டியுடையது என்பது வேறு கதை. பென்சிலையும் வெள்ளைத்தாளையும் டெல்லிக்கும் எடுத்துப்போங்கள். அதற்கு முன்னால் மதுரை ஆர்டிஓ ஆபீஸில் ஆர்சி நகலைக் காட்டி, இதை இங்கே பதிவுசெய்ய முடியுமா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.