சீல் மாற்றியும் நிற்காத ஆயில் ஒழுக்கு

கேள்வி: என்னிடம் 1996-ஆம் ஆண்டு மாடல் டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டி, காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை படிந்திருக்கிறது. இரண்டு முறை கியர்பாக்ஸை இறக்கி, எஞ்சினின் பிரதான சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலை (ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) மாற்றியும் இரண்டே மாதத்தில் பழையபடி ஒழுகுகிறது. எஞ்சினைப் பிரித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: ஆயில் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எஞ்சினின் உச்சியை மூடும் டேப்பெட் கவர் பேக்கிங்கின் பின்மூலையில் கசியும் ஆயில், எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, நீங்கள் சொல்லும் அதே இடத்தில்தான் வந்து சொட்டும். ஆகவே முதலில் எஞ்சினை டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்தபின் சந்தேகமான இணைப்புகளின்மேல் முகப்பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ, அதுதான் ஊற்றுக்கண். டேப்பெட் கவர் என்று தெரிந்தால் போல்ட்டை மேலும் முறுக்காதீர்கள். தகட்டுக் கவர் துளையோரம் குழிந்து, கசிவு கூடவே செய்யும். குழிந்த விளிம்பைத் தட்டிச் சமப்படுத்திப் புதிய பேக்கிங் போடுவதே சரி.

மேலே எல்லாம் உலர்ந்திருந்தால், சொட்டும் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள் கியர்பாக்ஸின் முன் சீலும் இருப்பதால், அது கசிந்தாலும் பழி எஞ்சின் சீலின்மேல்தான் விழும்.

எஞ்சின் ஆயில்தான் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது பிரீதர் குழாய். சீல் மாற்றிய இரண்டு முறையும் மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்த்திருக்கமாட்டார் என்பது என் ஊகம். அது கரியால் அடைபட்டால், எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேற வழியின்றிப் புதுச் சீலையும் மீறி ஆயிலைத் தள்ளும். கழற்றிக் கழுவியபின், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, முறுக்காமல் அந்தத் துளையின்மேல் அப்படியே வையுங்கள். லேசான புகை இந்த வயதில் இயல்பு. மூடி துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பார்த்தபிறகே எஞ்சினைப் பிரிப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

இதிலும் குறையில்லையென்றால் மட்டும் கியர்பாக்ஸை இறக்குங்கள். அப்போது பழைய சீல் உரசிய இடத்தில் ஷாஃப்டை நகத்தால் வருடச் சொல்லுங்கள். நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் பயனில்லை. சீலின் உதடு பள்ளத்தில் படாதபடி சற்றுத் தள்ளிப் பொருத்த இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் ஷாஃப்டின்மேல் மெல்லிய ஸ்லீவ் (உறை) ஏற்றிவிட வேண்டும்.