பாலிஷ் போட்டும் கீறல் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: என்னுடையது கறுப்பு நிற கார், வாங்கி நாலு வருடம் ஆகிறது. போன மாதம் பாலிஷ் போட்டு எடுத்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. நாலைந்து வாட்டர் வாஷ் முடிந்ததும் பழைய கீறல்கள் எல்லாம் அப்படியே தெரிகின்றன. பாலிஷ் உண்மையில் கீறலை எடுக்குமா, எடுக்காதா? (கோவை வாசகர்)

பதில்: எடுக்கும், ஆனால் உங்கள் வண்டியில் எடுக்கவில்லை, மூடி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒரு அடுக்கு இருக்கும், கிளியர் கோட் என்பார்கள். மண் ஒட்டிய துணியால் வண்டியைத் துடைக்கும்போது நுண்ணிய பள்ளங்கள் விழுவது அதில்தான். பள்ளத்தின் ஓரங்களில் பட்ட வெளிச்சம் ஒழுங்காகத் திரும்பாமல் நாலாபக்கமும் சிதறுகிறது. சாயங்காலம் நிழலில் நிறுத்தி பானெட்டில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை பின்னியதுபோல் தெரியும். வெள்ளை வண்டியிலும் இது உண்டு, கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான்.

மொசைக் தரை பாலிஷ் போடுவதைப் பார்த்தவர்களுக்கு மீதி சட்டென்று புரியும். முதலில் கரடான கல், அப்புறம் நைசான கல், அதைவிட நைசான கல் என்று தேய்த்துக்கொண்டே போவார்கள், கடைசியில் தரையில் முகம் தெரியும். காரிலும் அதேதான். பாலிஷ் என்பது எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பில் மிக நுண்ணிய தேய்ப்புத் தூள், பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. பள்ளத்தை அது நிரப்புவதில்லை. பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்து இறக்குகிறது. காம்பவுண்ட் என்கிற முதல் கட்டப் பாலிஷில் தூள் கரடு, வேகமாக வெட்டும், ஆனால் தன் பங்குக்கு ஒரு மங்கலை விட்டுப்போகும். அந்த மங்கலை எடுக்கத்தான் அடுத்து நைஸ் பாலிஷ். பாலிஷைத் தேய்க்க மெஷினில் மாட்டுகிற பேடும் இதில் பாதி வேலை செய்கிறது: கம்பளி பேடில் கடுமையாக வெட்டுகிற அதே காம்பவுண்ட், மெத்தென்ற ஸ்பாஞ்சில் சாதுவாகிவிடும்.

உங்களுக்கு நடந்தது வேறு. சில பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பும் பொருளும் அதிகம். அவை பள்ளத்தில் போய் உட்கார்ந்ததும் வெளிச்சம் சிதறாது, டெலிவரி எடுக்கும்போது வண்டி மின்னும். ஷாம்பூவிலும் வெயிலிலும் அது கரைந்துபோக, பழைய வலை வெளியே வந்துவிடுகிறது. இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பாலிஷ் முடிந்ததும் வாக்ஸ் போடுவதற்கு முன்னால் தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பானெட்டில் ஒரு அடி இடத்தைத் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கீறல் நிஜமாகவே போயிருந்தால் துடைத்த இடமும் துடைக்காத இடமும் ஒரே மாதிரி இருக்கும்.

அதற்காக அடுத்த வாரமே காம்பவுண்ட் போடக் கிளம்பிவிடாதீர்கள். கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு முறையும் அதிலிருந்துதான் கொஞ்சம் போகிறது, வெயிலைத் தாங்குவதும் அதே அடுக்குதான். சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் "ஒரு ரப்பிங் பாலிஷும் போட்டுடலாம் சார்" என்றால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். என் பழைய காரில் கதவு விளிம்பில் மெஷினைக் கொஞ்ச நேரம் அதிகமாக வைத்ததில் அடியில் இருந்த பிரைமர் தெரிந்துவிட்டது. விளிம்பில் பெயின்ட் எப்போதுமே மெல்லிசு, அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். அப்புறம், கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிறதென்றால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம், அதை முழுசாக எடுக்க முயல வேண்டாம்.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் கீறல் மறையுமா? கையால் பாலிஷ் போட முடியுமா? (நெல்லை வாசகர்)

பதில்: கோட்டிங் ஒரு பாதுகாப்பு அடுக்கு மட்டும்தான். அடியில் கீறல் இருந்தால் அதன் மேலேயே பூசப்பட்டு அங்கேயே நிற்கும், அதனால் பாலிஷ் முதலில், கோட்டிங் பிறகு. கையால் முழு வண்டிக்கும் போடுவது கஷ்டம், அழுத்தம் ஒரே சீராக வராது. ஆனால் கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் நகம் பட்டுப் பட்டு விழுந்த கீறல்களுக்கு நைஸ் பாலிஷும் சின்ன ஸ்பாஞ்சும் போதும். அந்தக் குழிக்குள் பெரிய மெஷின் நுழையாது, தொழில் செய்கிறவர்களும் அங்கே கையால்தான் தேய்க்கிறார்கள்.