பேச்சு, எழுத்துப் பகுதிக்கு இப்படிப் படியுங்கள்

டெக்சஸ் இருமொழி ஆசிரியர்களுக்கான ஸ்பானிஷ் தேர்வில் கேட்டலும் வாசித்தலும் கைகொடுக்கின்றன, பேச்சும் எழுத்தும்தான் காலை வாருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். சகோதரி, வீட்டில் பேசும் ஸ்பானிஷ் மட்டும் இங்கே போதாது. வகுப்பறை ஸ்பானிஷ் வேண்டும். தினமும் ஒரு பாடத்திட்டத்தை ஸ்பானிஷிலேயே எழுதுங்கள். நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு மூன்றும் அதில் இருக்கட்டும். பெற்றோருக்குக் கடிதம் என்றால் 'தூ' வேண்டாம், 'உஸ்தெத்' போடுங்கள். நம் நீ, நீங்கள் மாதிரிதான். அப்புறம் அழுத்தக் குறி. 'பப்பா'வில் கடைசி எழுத்தின் மேல் அது இருந்தால் அப்பா, விட்டுப்போனால் உருளைக்கிழங்கு. பேச்சுத் தேர்வில் எதிரே ஆள் இருக்கமாட்டார், கணினியிடம்தான் பேச வேண்டும். அதனால் இன்றே கைபேசியில் பதிவுசெய்து, நிறுத்தாமல் பேசிப் பழகுங்கள். தேர்ச்சிக்கு 240 தேவை, கண்டிப்பாக எடுப்பீர்கள்.