கப்பல் ஏறும் கசவு முண்டு: துணிமணி கேள்வி–பதில்

கொச்சியிலிருந்து லட்சத்தீவு, இல்லையென்றால் விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து சொகுசுக் கப்பல். இப்படிக் கிளம்பும் கேரள–தமிழ்நாடு எல்லைப்புற வாசகர்கள் துணி கசங்குவதைப் பற்றிக் கேட்டவற்றை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

சிங்கப்பூரிலிருந்து நாலு ராத்திரி கப்பல் பயணம் போகிறோம். அதற்காகவே சின்ன இஸ்திரிப்பெட்டி ஒன்று வாங்கினேன். "கொண்டுபோனா வாங்கி வெச்சுக்குவாங்க" என்கிறார் என் நாத்தனார். நிஜமா? கையில் பிடிக்கும் ஸ்டீமர் என்றால் விடுவார்களா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

நாத்தனார் சொன்னது சரி. அநேகமாக எல்லா சொகுசுக் கப்பல்களிலும் அறைக்குள் இஸ்திரிப்பெட்டிக்கு அனுமதி இல்லை. ஸ்டீமருக்கும் அதே கதிதான். ஏறும்போது பெட்டிகளை ஸ்கேனரில் விடுவார்கள். அதில் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில் திருப்பித் தருவார்கள். அது இருந்த பயணப் பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேரவும் தாமதமாகும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட முடியாது, கப்பலில் இருப்பவர்களேதான் அணைத்தாக வேண்டும். 1998 ஜூலையில் மயாமியை விட்டுக் கிளம்பிய 'எக்ஸ்டஸி' கப்பலில், சலவை அறையில் நடந்த வெல்டிங் வேலையின் பொறி காற்றுக்குழாயில் சேர்ந்திருந்த பஞ்சுத் தூசியில் பற்றிப் பெரிய தீயாகிவிட்டது. துணியும் சூடும் சேரும் இடத்தைக் கப்பல்காரர்கள் அவ்வளவு பயத்தோடு பார்ப்பதில் தப்பில்லை.

வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். சில நிறுவனங்களின் கப்பல்களில் பயணிகளே துவைத்துத் தேய்த்துக்கொள்ளும் பொது சலவை அறை இருக்கிறது. இஸ்திரிப்பெட்டியும் பலகையும் அங்கேயே இருக்கும். வேறு சில கப்பல்களில் இந்த வசதி அறவே கிடையாது. டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். சலவை அறை இல்லாத கப்பலில் சலவைப் பிரிவிடம் கொடுக்கலாம். அலமாரியில் இருக்கும் சலவைச் சீட்டில் 'தேய்ப்பு மட்டும்' என்று தனிக் கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். கவனிக்காமல் 'துவைத்துத் தேய்க்க' என்பதில் போட்டால் காசும் கூடும், துணிக்கும் வீண் அலைச்சல். திரும்பி வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாளாகும். நாலு ராத்திரிப் பயணத்தில் முதல் நாளே கொடுத்தால்தான் உதவும்.

வாங்கிய இஸ்திரிப்பெட்டியை வீட்டிலேயே வையுங்கள். அதன் வேலை கிளம்புவதற்கு முந்தின நாளோடு முடிகிறது.

மாமா, அத்தை அறுபதாம் கல்யாணத்துக்காகக் கப்பலில் போகிறோம். விருந்து ராத்திரிக்கு அத்தைக்கு செட்டு முண்டு (இரண்டு துண்டாக உடுத்தும் கேரளச் சேலை), மாமாவுக்குக் கசவுக் கரை (பொன் சரிகைக் கரை) போட்ட டபுள் முண்டு (இரட்டை வேட்டி). போன ஓணத்துக்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன முண்டு, எடுத்துப் பார்த்தால் அப்பளம் நொறுங்கின மாதிரி கோடு கோடாக இருந்தது. என்ன செய்தால் தப்பிக்கலாம்?
– வாசகி, பாறசாலை

கைத்தறி முண்டுக்குப் பேர்போன பாலராமபுரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அந்தக் கோடுகளுக்கு முதல் காரணம் கஞ்சி. கெட்டியாகக் கஞ்சி போட்டால் நூலின் மேல் காய்ந்த மாவு ஒரு தகடு போல நிற்கும். அதை மடித்து அழுத்தினால் மடிப்பில் மாவு உடையும், வெள்ளைக் கோடு விழும். கடல் காற்றின் ஈரம் பட்டால் அதே மாவு பிசுபிசுத்து வாடையும் அடிக்கும். ஆகவே பயணத்துக்கு இளங்கஞ்சி போதும். வடித்து, துணியில் வடிகட்டிய கஞ்சி ஒரு டம்ளருக்குத் தண்ணீர் நாலு டம்ளர். மட்டை அரிசிக் கஞ்சி வேண்டாம், அதன் சிவப்பு வெள்ளை முண்டில் ஏறிவிடும். வெள்ளை அரிசிக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ நல்லது.

இரண்டாவது காரணம், தேய்த்த சூட்டோடு மடித்து வைப்பது. எல்லாருமே செய்கிற தவறு இது. பருத்தி நூலுக்குள் இருக்கும் இழைகளைப் பிடித்து வைத்திருப்பவை மெல்லிய பிணைப்புகள். ஈரமும் சூடும் பட்டால் அவை விட்டுக்கொடுக்கும். காய்ந்து ஆறும்போது, துணி எந்த வடிவில் கிடக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். இஸ்திரி வேலை செய்வதும் இதனால்தான், இஸ்திரி போட்ட துணி பெட்டிக்குள் கசங்குவதும் இதனால்தான். தேய்த்த முண்டைக் கொடியிலோ கதவின் மேலோ விரித்துப் போட்டு, குறைந்தது அரை மணி நேரம் முழுக்க ஆறவிடுங்கள். மழைக்காலமானால் ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம். அதன் பிறகு பெட்டியில் வையுங்கள்.

தேய்க்கும் விதம்: முண்டு லேசான ஈரத்தோடு இருக்கும்போதே, இஸ்திரிப்பெட்டியில் மூன்று புள்ளிச் சூட்டில் வெள்ளைப் பகுதியை முடித்துவிடுங்கள். மூன்று புள்ளி என்பது சுமார் 200 டிகிரி. அந்தச் சூட்டைக் கசவுக்குக் காட்டக் கூடாது. நல்ல கசவு என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதை உள்பக்கமாகத் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, ஒரு புள்ளிச் சூட்டில் அழுத்தி எடுத்தால் போதும், முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்க வேண்டாம். கரையின் மேல் தண்ணீரும் தெளிக்காதீர்கள்.

இனி மடிப்பு. மடிக்காமல் சுற்றிவிடுவதே எங்கள் சிபாரிசு. துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழலைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். 35 செ.மீ. நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். ஆறேழு செ.மீ. கனம் இருக்கட்டும், மெல்லிய குழலில் சுற்றினால் உள்சுற்றில் சுருக்கம் விழும். முண்டின் அகலத்தை நாலாக மடித்தால் ஏறத்தாழ 32 செ.மீ. வரும். மடிக்கும்போது ஒவ்வொரு மடிப்பின் இடையிலும் ஒரு மெல்லிய தோர்த்துத் துண்டை நீளவாக்கில் வையுங்கள். மடிப்பு கத்திமுனை போல விழாமல் உருண்டையாக நிற்க அதுதான் உதவும். கசவு இல்லாத முனையிலிருந்து சுற்றத் தொடங்கினால் தலைப்புக் கசவு கடைசியாக, வெளிச் சுற்றில், வளைவு குறைந்த இடத்தில் வந்து உட்காரும். மேலே பழைய வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், அது தடம் பதிக்கும். செய்தித்தாளில் மை ஒட்டும், அதுவும் வேண்டாம்.

இந்தக் குழலைக் கைப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் போனதும் பிரித்து, ஹாங்கரின் கம்பியில் ஒரு துண்டைச் சுற்றி அதன் மேல் போடுங்கள். விருந்துக்கு ஒரு நாள் முன்னால் தொங்கவிட்டால் மிச்சமிருக்கும் தடமும் தன் எடையிலேயே இறங்கிவிடும். கசவு முண்டைக் கப்பல் சலவைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அங்கே இருப்பது ஹோட்டல் விரிப்புகளையும் சட்டைகளையும் அழுத்தும் பெரிய இயந்திரங்கள். கசவு என்றால் என்ன என்று அங்கே உள்ளவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நஷ்டம் நமக்குத்தான்.

குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுத் துணியைத் தொங்கவிட்டால் சுருக்கம் போகும் என்கிறார்களே?
– வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

வீட்டிலும் ஹோட்டலிலும் ஓரளவு நடக்கும். கப்பலில் பாதிப் பலன்தான் கிடைக்கும். அங்கே குளியலறை சின்னது, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் எந்நேரமும் ஓடும், ஆவி தங்காது. கதவைத் திறந்து வைத்தால் ஆவி அறைக்குள் போய்ப் புகை உணரியை அலறவைக்கவும் கூடும். இதற்காகவே தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள், கப்பலில் நல்ல தண்ணீர் பெரும்பாலும் கடல்நீரைக் காய்ச்சியோ வடித்தோ எடுப்பது. நீங்கள் குளிக்கும்போது, தண்ணீர் தெறிக்காத மூலையில் சட்டையை ஹாங்கரில் மாட்டிவையுங்கள். குளித்து முடித்ததும் எடுத்து, பட்டன் பட்டியையும் கையையும் கீழ்நோக்கி மெதுவாக இழுத்து, உள்ளங்கையால் நீவி, அறையின் ஏசி காற்றில் தொங்கவிடுங்கள். நீவாமல் விட்டால் ஆவி பட்டும் பிரயோஜனமில்லை.

சுருக்கம் நீக்கும் ஸ்ப்ரேயை வீட்டிலேயே செய்ய முடியுமா?
– வாசகி, மூணாறு

முடியும். 200 மி.லி. தண்ணீர், துணி மிருதுவாக்கும் கண்டிஷனர் ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். கண்டிஷனர் கூடினால் காய்ந்த பிறகு எண்ணெய்க் கறை மாதிரி வட்டம் தெரியும். மஞ்சு போல மெல்லியதாகப் பீய்ச்சும் பாட்டில் வேண்டும், சொட்டாக விழும் பாட்டில் உதவாது. கைப்பெட்டியில் கொண்டுபோவதானால் பாட்டில் 100 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது, இது விமான நிலைய விதி.

ஒரு கை தூரத்திலிருந்து அடித்து, துணி தொட்டால் ஈரம் தெரியும் அளவுக்கு நனைந்ததும், நூல் ஓடும் திசையிலேயே இழுத்து நீவுங்கள். குறுக்கே இழுத்தால் ஓரம் கோணும். ஏசி அறையில் காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம், சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் இதைத் தொடங்காதீர்கள். பருத்தி, லினன், ரேயான் எல்லாவற்றுக்கும் சரி. ரேயானை மட்டும் வலுவாக இழுக்காதீர்கள், ஈரத்தில் அதற்குப் பலம் குறைவு. பட்டுச் சேலைக்கு வேண்டவே வேண்டாம், தண்ணீர்த் தடம் நிற்கும்.

லட்சத்தீவில் கடலில் இறங்கி வந்த பருத்திக் குர்த்தா இரண்டு நாளாகியும் ஈரமாகவே இருந்தது, தொட்டால் கசங்குகிறது. பால்கனியில் காயப்போடலாமா?
– வாசகர், குமுளி

காயாமல் இருப்பதற்குக் காரணம் உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் பார்த்திருப்பீர்கள். கடற்காற்றில் அந்த அளவு ஈரம் சர்வ சாதாரணம். உங்கள் குர்த்தாவின் நூலிடுக்குகளில் அதே உப்புதான் இருக்கிறது. ஈரம் இருக்கும் வரை பருத்தி கசங்கிக்கொண்டேதான் இருக்கும். அறைக்கு வந்ததும் கைகழுவும் தொட்டியில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், அந்த முறுக்கே சுருக்கமாக நின்றுவிடும். உலர்ந்த குளியல் துண்டின் மேல் குர்த்தாவை விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் போலச் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். உதறி ஹாங்கரில் போட்டால் காலைக்குள் காயும்.

பால்கனியில் போடாதீர்கள். காற்று அடித்துக்கொண்டு போவது ஒன்று, உப்பு மறுபடி ஏறுவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாகத் தீ ஆபத்து: 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனிகள் வழியாகப் பரவிய தீயில் ஒருவர் இறந்தார். அணைக்காமல் எறிந்த சிகரெட்டே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. பல கப்பல்களில் பால்கனியில் துணி போடத் தடை இருக்கிறது.

இடம் போதவில்லை என்றால் காந்தக் கொக்கிகள் நாலைந்து கொண்டுபோங்கள். கப்பல் அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, கொக்கி அப்படியே ஒட்டும். சட்டை, குர்த்தா தாங்கும். நனைந்த ஜீன்ஸைத் தொங்கவிட்டால் வழுக்கி இறங்கிவிடும்.

'இஸ்திரி வேண்டாத சட்டை' என்று விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகர், ஆரியங்காவு

இரண்டு சட்டை வாங்கலாம். பருத்தி இழைகளை ரசாயனத்தால் ஒன்றோடொன்று கட்டிப்போட்டு, ஈரம் பட்டாலும் நழுவாமல் செய்த துணி அது. அமெரிக்க வேதியியலாளர் ரூத் பெனெரிட்டோவின் ஆராய்ச்சிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. நூலின் பலம் கொஞ்சம் குறையும், காலர் முனை சீக்கிரம் தேயும். புதுச் சட்டையை ஒருமுறை துவைத்துவிட்டு உடுத்துங்கள், பதப்படுத்தியதில் மிஞ்சிய ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் பெருமளவு போய்விடும். பாலியெஸ்டர் கலந்த சட்டையும் கசங்காது. பருத்தி தன் எடையில் சுமார் எட்டரை சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. அதனால்தான் வெயிலில் அது வேர்வையையும் உறிஞ்சாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சரி, பகலில் ஊர் சுற்றப் பருத்தியே மேல்.

தலைமுடி நீட்டும் ஸ்ட்ரெயிட்னரால் காலரைத் தேய்க்கலாமா? என் அண்ணி அப்படித்தான் செய்கிறார்.
– வாசகி, பாலக்காடு

பருத்திச் சட்டையின் காலர், பட்டன் பட்டி, கை முனை, இவ்வளவுக்கு மட்டும் செய்யலாம். அதன் சூடு 200 டிகிரியைத் தாண்டக்கூடியது. பட்டு கருகும், பாலியெஸ்டர் பளபளத்துப்போகும். குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். முக்கியமாக, ஆறியிருக்கும்போதே தகட்டை ஈரத்துணியால் நன்றாகத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்க்கும் தலையில் ஓடிய தகடு, வெள்ளைக் காலரில் மஞ்சள் பட்டை இழுத்துவிடும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே போக வேண்டும்.

பெரிய பெட்டியில் எதை வைப்பது, கைப்பெட்டியில் எதை வைப்பது?
– வாசகர், மறையூர்

பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். முதல் ராத்திரி உடுப்பு கைப்பெட்டியில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் சக்கரப் பக்கம் செருப்பு, ஷூ. பெட்டியை நிறுத்தினால் கனம் அங்கேதான் இறங்கும். டி-சர்ட், உள்ளாடைகளைச் சுருட்டி இடுக்குகளில் சொருகுங்கள். சட்டைகளைச் சலவைக்கடை பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு மேலே வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், உராய்ந்து மடங்காது. மூடி லேசாக அழுத்தினால் மூடவேண்டும். உட்கார்ந்து மூடும் அளவுக்குத் திணித்தாலும் கசங்கும், துணி உள்ளே உருளும் அளவுக்குக் காலியாக விட்டாலும் கசங்கும். இறங்குவதற்கு முந்தின ராத்திரி பெரிய பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டியதை அதற்கு முன்பே வெளியே எடுத்துத் தொங்கவிட்டுவிடுங்கள்.